மூக்கர் பார்த்த வெள்ளைக் கார்

அந்தத் தெருவில் பழைய கார் வாங்க நினைக்கிற யாரும் முதலில் பணத்தைத் தேட மாட்டார்கள்; மூக்கரைத்தான் தேடுவார்கள். பணத்தை அங்கே இங்கே புரட்டிவிடலாம். மூக்கர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைப்பார். மற்ற ஆறு நாளும் கார் உதிரிபாகக் கடை கவுண்டரில், அதே நீலச் சட்டையில் நிற்பார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். துருப்பிடித்த ஒரு நட்டைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தால் போதும், எந்தக் கார், எந்த வருஷம் என்று சொல்லிவிட்டு, "இதை மாத்தறதுக்கு மெக்கானிக் எவ்வளவு கேட்டான்?" என்பார். தொகையைச் சொன்னால், "அந்தக் காசுக்கு ரெண்டு சக்கரமே வாங்கலாமே, அட கடவுளே!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்று சொன்னால் அவர் மனைவிக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். கடை முதலாளியே மூக்கர் என்றுதான் கூப்பிடுவார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கவே மாட்டாத மனுஷன், காருக்குள் மட்டும் நிஜமாகவே நுழைப்பார். வண்டி பார்க்கப் போனால் முதலில் சுற்றி வர மாட்டார், பானெட்டைத் திறக்க மாட்டார், டயரை உதைக்க மாட்டார். கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டி ராத்திரி முழுக்க மூடி வைத்த வண்டியாக இருக்க வேண்டும். காலையில் பின்கதவை ஒரு சாண் மட்டும் திறந்து தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார் பாருங்கள் ஒரு மூச்சு! வெளியே வந்தால் தீர்ப்பு தயார். "கிளட்ச் தீய்ஞ்சிருக்கு." "ரேடியேட்டர் தண்ணி உள்ள ஒழுகுது, வேணாம்." "எலி குடும்பம் நடத்தியிருக்கு, வயரையெல்லாம் பாரு." மெக்கானிக்குகள் ஆளுக்கொரு கருவியை மாட்டி அரைநாள் தேடுவதை இவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இதற்காக யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவரும் ஒரு பழைய கார் வாங்கினார். பளபளவென்று இருந்தது. ஆறே மாதத்தில் ஸ்டார்ட்டர் போனது, வயரிங் போனது, கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுகொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது. கடைசியில்தான் தெரிந்தது, வெள்ளத்தில் கழுத்து வரை மூழ்கிக் கிடந்த வண்டி என்று. வாங்கின விலையைவிட கராஜுக்குக் கொடுத்தது அதிகம். அந்த ஆறு மாதமும் வண்டிக்குள் ஒரு வாடை இருந்துகொண்டே இருந்தது. அதை அவர் மறக்கவே இல்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்படி ஏமாறக் கூடாது" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். இருநூறு வண்டிக்கு மேல் பார்த்திருப்பார். இருநூறு குடும்பம் தப்பித்தது. அவர் மனைவிக்கு இதில் மலையளவு பெருமை. ஆனால் வாய் விட்டுச் சொல்கிற ஜாதி இல்லை அவள். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வீட்டுல இருந்தா உங்க மூக்கு என்ன தேய்ஞ்சா போகும்?" என்பாள், அவ்வளவுதான்.

அந்த மூக்குதான் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சல், ஜலதோஷம். காய்ச்சல் விட்டது, சளி விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரி "என்னடி தீயுது!" என்று கதவைத் தட்டுகிறாள். இவர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் எழுந்தார். "கவனிக்கல" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனுஷனிடம் இருக்கிற ஒரே சொத்து போய்விட்டதா என்று எப்படிக் கேட்பது? அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அதன்பிறகு யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும் அவர் முட்டிவலி என்று சொல்ல ஆரம்பித்தார். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

ஊராரிடம் முட்டியைக் காட்டித் தப்பிக்கலாம், கூடப் பிறந்தவளிடம் முடியுமா? அவருடைய தங்கை பதினொரு வருஷமாக அடுத்தவர் காரை ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவள். காலையிலும் மாலையிலும் ஆபீஸ்காரர்கள் ஐந்து பேரை வீட்டிலிருந்து ஏற்றி இறக்குவது அவள் வேலை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, இப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி வாங்குகிற அளவுக்கு வந்திருந்தாள். அந்த ஐந்து பேரும் "நீங்க வண்டி வாங்குங்க, உங்க கூடவே வர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். பழைய கார் விற்கிற யார்டு ஒன்றில் வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, முட்டி வலின்னா தூக்கிட்டாவது போறேன். நீ தலையை மட்டும் உள்ள விட்டு எடு, போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவிக்கு வேலை இருந்தது. பக்கத்துத் தெரு சலவைக் கடையில் துணி பிரிக்கிறவள் அவள். சாயந்திரம் வீடு திரும்பினால், நாத்தனார் மேஜையில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு குதிக்காத குறையாக நிற்கிறாள்.

"அண்ணி! அண்ணா மோந்து பார்த்து ஓகே சொல்லிட்டார்! அட்வான்ஸ் கொடுத்துட்டேன். வியாழக்கிழமை மீதியைக் கட்டிட்டு வண்டியை எடுக்கறேன். இந்த மாசக் கடைசியோட வேலைக்கு வரலன்னு எங்க முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு!"

அண்ணி கேக் டப்பாவைத் தொடவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, அது ஒன்றுதான் குறை.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் அவளை விடாப்பிடியாக யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளைக் கார் வெயிலில் மின்னியது. புது சீட் கவர், புது மேட், ஸ்டீயரிங்குக்குக்கூட ஒரு புது உறை. அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சென்ட் வாசனை ஆளைத் தூக்கியது. அதற்குக் கீழே இன்னொன்று. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. ஈரம் காயாமல் மடித்துப் பையில் கட்டி, மூன்று நாள் கழித்துக் கடைக்குக் கொண்டுவருகிற துணிமூட்டையைப் பிரித்தால் வருமே, அது.

"புது சீட் கவர் வாசனை எப்படி இருக்கு, அண்ணி?" என்று முன்சீட்டிலிருந்து நாத்தனார் கேட்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயந்திரம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த வண்டி தண்ணியில கிடந்த வண்டிங்க."

"யார் சொன்னா?"

"என் மூக்கு சொல்லுது. உங்களுக்குத்தான் மூணு மாசமா அது ஒண்ணும் சொல்றதில்லையே."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கால் செருப்போடு இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"பால் தீஞ்ச அன்னைக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இவ விஷயத்துல வாயைத் திறந்திருக்கணும். தப்புதான், என் மேலயும்தான் தப்பு. ஆனா நீங்க எப்படிங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் கழற்றிய செருப்பைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்.

"சொல்லணும்னுதான் போனேன். மூக்கை விட்டுட்டு, சாவகாசமா கழட்டிப் பார்த்துச் சொல்லலாம்னு டார்ச்செல்லாம் எடுத்துட்டுப் போனேன். அங்க போனதும் அந்த யார்டுக்காரன், 'மூக்கர் வந்துட்டார், எல்லாரும் தள்ளி நில்லுங்க'ன்னு கூட்டம் கூட்டிட்டான். தங்கச்சி பெருமையா நிக்கறா. மேட்டைத் தூக்கறதுக்குக் குனிஞ்சேன். 'என்ன மூக்கரே, புதுசா கையெல்லாம் போடறீங்க, மூக்கு மேல சந்தேகமா?'ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. கையை எடுத்துட்டேன். தலையை உள்ள விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்தேன். ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து. வெளிய வந்து நல்ல வண்டின்னு சொல்லிட்டேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபத்தை முதலில் விழுங்கினாள். "சரி, விடுங்க. நான் போய் எனக்கு வாடை அடிக்குதுன்னு சொல்லிடறேன். இல்ல, வெள்ளை பிடிக்கலன்னு ஏதாவது சாக்கு சொல்லி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கலாம். உங்க பேரு எதுக்கு கெடணும்?"

"தர மாட்டான். மூக்கர் பார்த்து ஓகே சொன்ன வண்டி, அப்புறம் என்ன பேச்சுன்னு கேப்பான். அவன் வியாபாரமே அந்த ஒரு வார்த்தையிலதான் ஓடுது." மற்றக் கால் செருப்பையும் கழற்றினார். "நான் சொன்னது பொய்னு நான்தான் போய்ச் சொல்லணும். வேற வழி இல்ல."

புதன்கிழமை காலையில் அவர் கடைக்கு லீவு சொன்னார். காய்ச்சலுக்குக்கூட முழுதாக லீவு போடாத ஆள். தங்கைக்குப் போன் செய்து, "யார்டுக்கு வா, வண்டியை இன்னொரு தடவை பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். மனைவி சலவைக் கடையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினாள். வழி முழுக்க அவர் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச்.

யார்டில் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட நான்கு புரோக்கர்கள், கார் பார்க்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. தங்கை ஏற்கெனவே வந்து வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வாங்க மூக்கரே!" என்று முதலாளி அந்தப் புருஷன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "சார், நான் சொன்னேன்ல, இவர்தான். இவர் மோந்து பார்த்து நல்ல வண்டின்னு சொன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் மூக்கர். பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "எனக்கு மூணு மாசமா வாசனை தெரியாது. ஒண்ணுமே தெரியாது. ஞாயித்துக்கிழமை இந்த வண்டியை நான் மோந்து பார்த்தது நடிப்பு. நல்ல வண்டின்னு சொன்னது பொய். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லிட்டேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், மறுபடி அண்ணனைப் பார்த்தாள். ஒரு புரோக்கர்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்போ இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது, மூக்கரே?" குபீரென்று சிரிப்பு கிளம்பியது. அவர் மனைவிக்கு அந்த ஆளை அங்கேயே இரண்டு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

"எப்படி வேணும்னாலும் கூப்பிடு" என்றார் அவர். "இப்போ இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். அவள் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறாள், அவர் வண்டி பார்ப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். முன்சீட்டின் பெல்ட்டை முடிகிற வரைக்கும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் இருந்தது, குறுக்கே ஒரு சேற்றுக்கோடு. சீட்டைத் தள்ளி, அடியிலிருக்கிற நான்கு போல்ட்டையும் காட்டினார். நான்கும் துரு. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் மெல்லிய வண்டல் படிந்து காய்ந்து வெடித்திருந்தது. கடைசியாகக் கதவோரத்துப் பட்டையைக் கழற்றி, புது மேட்டுக்கு அடியிலிருந்த பழைய விரிப்பைப் பிடித்து மேலே இழுத்தார். அடியிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் அழுத்தினார். தண்ணீர் கசிந்தது.

டார்ச் பிடித்த புரோக்கர் சிரிப்பதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. புருஷனோடு வந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மூக்கரே, நீங்களே எல்லார் முன்னாடியும் ஓகே சொன்னீங்க. சொல்லிட்டு மாத்திப் பேசினா நான் எப்படி..."

"நான் பொய் சொன்னேன்னு நான் ஒத்துக்கிட்டேன். மேட்டைத் தூக்கப் போன கையை சிரிச்சே எடுக்க வெச்சீங்களே, அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாதுன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க பாப்போம்." அவர் குரல் உயரவே இல்லை. "அவ பணத்தைக் கொடுத்துடுங்க. இனிமே என் பேரைச் சொல்லி ஒரு வண்டியும் விக்காதீங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது."

அட்வான்ஸ் வந்தது. முதலாளியின் நல்ல மனசால் வரவில்லை. ஈர விரிப்பை இரண்டு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் வந்தது. மூக்கர் கழற்றிய போல்ட்டையெல்லாம் திரும்ப மாட்டி, கதவுப் பட்டையைப் பொருத்தி, கையைத் துடைத்துக்கொண்டுதான் கிளம்பினார். கெட்ட வண்டியானாலும் பாதியில் பிரித்துப் போட்டுவிட்டு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் தங்கை இருவருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே போய் நின்றதும் வெடித்தாள்.

"மூணு மாசமா? என்கிட்டகூட சொல்ல வாய் வரலையா அண்ணா? நான் வேலையை விடறேன்னு சொல்லிட்டு வந்து நிக்கறேன்! நாளைக்கு அந்தப் பணத்தைக் கட்டியிருந்தா என் கதி என்ன? அண்ணி, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அவள். நாத்தனார் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"திட்டு" என்றார் அவர். "நல்லாத் திட்டு. உங்க முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன். ரெண்டு மாசம் வேலையில வெச்சுக்கச் சொல்லி கேக்கறேன். ஆனா இனிமே வண்டி பாக்க நல்ல மெக்கானிக்கா யாரையாவது கூட்டிட்டுப் போம்மா. நான் லாயக்கில்ல."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவர்கள் ஏறவில்லை. தங்கை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நான் எவனையும் கூட்டிட்டுப் போக மாட்டேன். இன்னைக்கு அத்தனை பேர் சிரிக்கறப்ப நீ அங்க நின்ன பாரு, எனக்கு உன் மேல வந்த கோவத்துல பாதி அப்பவே போயிடுச்சு. மீதி இன்னும் இருக்கு, அது போக நாளாகும். எனக்காக இப்படி நிக்கறவன் வேற எவன் இருக்கான்? ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தர் சொந்த வண்டியை விக்கறார். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றேன். ரெடியா இரு."

அவர் கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று அவளுக்கு அந்த வெயிலில், அந்த பஸ் நிறுத்தத்தில், சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

"ஏழு மணி வேணாம்" என்றார் கடைசியில். "ஆறரைக்கே போயிடணும். அவர் எழுந்து என்ஜினை ஓட்டிச் சூடு பண்றதுக்கு முன்னாடி போனாத்தான், முதல் ஸ்டார்ட்ல அது எப்படி சத்தம் போடுதுன்னு காதால கேக்க முடியும்."